மூன்றாம் வார்டின் மஞ்சள் பொட்டு

அத்தியாயம் பதினான்கு

பென்சிலில் எழுதிய ஒற்றைக் கேள்வி. விடிந்ததிலிருந்து அவளை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை.

நாற்பத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற சின்ன எழுத்தில் இருந்தது அது. 'மூன்றாம் வார்டில் மட்டும் உள்வேறுபாடு ஏன் இவ்வளவு குறைவு?' அதற்குக் கீழே, 'நாளை மாலை நான்கு மணிக்குள் விளக்கவும்.'

நேற்று மாலை எழுதிய 'நாளை' இப்போது இன்றாகி, சுவர்க் கடிகாரத்தில் ஏழு மணியும் ஆகிவிட்டது.

எழுதியவர் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை. பேனாவையே தொடாதவர் என்பதால் நர்சிங் கல்லூரியில் அவருக்குப் பென்சில் மேடம் என்று பெயர். தப்பை அழித்துத் திருத்திக்கொள்ள எல்லோருக்கும் ஒரு வழி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவள் அதே ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். மேல்படிப்புக்காக இரண்டு வருஷம் விடுப்பு எடுத்திருந்தாள். இன்று நான்கு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் காலியாகும் ஆசிரியை இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்த கெடு. அதுவரை அந்த நாற்காலி காத்திருக்காது.

"மூணு வார்டு, மூணு கட்டு, முப்பத்தாறு முதுகு. இதுல இன்னும் என்ன சந்தேகம் அந்தம்மாவுக்கு?" என்றார் அவள் கணவர், ஷூவுக்குள் காலை நுழைத்தபடி. அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வீட்டுப் பேச்சிலும் ஒரு கை கியரிலேயே இருக்கும்.

அவர் சொன்ன கணக்கு சரிதான். நகர முடியாமல் படுத்தே கிடக்கும் நோயாளிகளுக்கு முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வரும். அதற்கு எந்தக் கட்டு நல்லது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முதல் வார்டில் பன்னிரண்டு பேருக்கு சாதா காஸ் துணிக் கட்டு. இரண்டாம் வார்டில் பன்னிரண்டு பேருக்கு ஜெல் கட்டு. மூன்றாம் வார்டில் பன்னிரண்டு பேருக்குப் புதிதாக வந்த ஃபோம் கட்டு. எத்தனை நாளில் புண் ஆறியது என்று குறித்துக்கொண்டு வந்தாள். ஆய்வில் சேர்ந்தவர்களின் கட்டில் தலைப்பில் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள், வட்டமாக, பொட்டு மாதிரி.

அந்த மூன்றாம் வார்டில் ஆயா வேலை பார்ப்பவள்தான் அவள் நாத்தனார். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அந்த அலமாரிச் சண்டை நினைவிருக்கும். ஐந்து மாதங்களுக்கு முன், ஆராய்ச்சி ஆரம்பித்த புதிதில், அச்சடித்து வைத்திருந்த குறிப்புத் தாள்களை எல்லாம் பழைய காகிதம் என்று நினைத்துச் சமையலறை அலமாரியில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கிவிட்டாள் நாத்தனார். அன்று இவளுக்கு வந்த கோபத்தில் கணவரிடம் சொன்ன ஒரு வார்த்தை கதவைத் தாண்டிப் போய்விட்டது.

"உங்க அக்காவுக்கு இந்த வீட்ல ஒட்டிக்கிட்டிருக்கறதைத் தவிர வேற என்ன தெரியும்?"

அதன் பிறகு இரண்டு பேரும் பேசாமல் இல்லை. பேசினார்கள். உப்பு போதுமா, பால் வந்ததா, மழை வரும் போலிருக்கிறதே. வீட்டில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. எதுவோ ஒன்று மட்டும் எழுந்து போய்விட்டிருந்தது.

இன்று காலை நாத்தனாரே வாயைத் திறந்தாள். டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "அந்த மேடம் என்னதான்மா கேக்கறாங்க?" என்றாள்.

"சொன்னா உங்களுக்குப் புரியுமான்னு தெரியல அண்ணி."

"புரியலைன்னா உனக்கென்ன நஷ்டம்? நீ பாட்டுக்கு சொல்லு. நான் டப்பா கட்டறேன்."

அவள் தாள்களைப் புரட்டினாள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

"மூணு வீடு இருக்குன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு வீட்லயும் பன்னெண்டு பேரு. ஒவ்வொரு வீட்டு உயரத்துக்கும் சராசரி எடுக்கறோம். மூணாவது வீட்டுச் சராசரி வேற மாதிரி வருது. உடனே அந்த வீட்டு ஆளுங்களே தனி ரகம்னு சொல்லிட முடியுமா?"

"எப்படிச் சொல்றது? ஒரே வீட்லயே அண்ணன் பனைமரமா இருப்பான், தம்பி முருங்கைக்கன்னா இருப்பான்."

"அதேதான். அதனால முதல்ல ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம்னு பாக்கணும். அப்புறம் வீட்டுக்கு வீடு எவ்வளவு வித்தியாசம்னு பாக்கணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "ஓஹோ. வீட்டுக்குள்ளயே ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நின்னா, அந்த வீடு இப்படி, இந்த வீடு அப்படின்னு பேசறதுல அர்த்தமில்ல. வீட்டுக்குள்ள ஒத்துமையா இருந்து, வீட்டுக்கு வீடு மாறிச்சுன்னாத்தான் அது நிஜமான வித்தியாசம். அதானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். புள்ளியியல் வகுப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்து, வாய்ப்பாடு முழுக்க மனப்பாடம் செய்தும் கிடைக்காத தெளிவு, டிபன் டப்பாவின் மூடிக்கும் கொக்கிக்கும் நடுவில் கிடைத்துவிட்டது.

"அதேதான் அண்ணி. வீட்டுக்கு வீடு இருக்கற வித்தியாசத்தை, வீட்டுக்குள்ள இருக்கற வித்தியாசத்தால வகுக்கணும். வர்ற நம்பருக்கு எஃப்னு பேரு. பெரிசா வந்தா நல்லது."

"உனக்குப் பெரிசா வந்துச்சா?"

"ஒன்பதுக்கு மேல. மூணரை வந்திருந்தாலே போதும்."

"அப்புறம் என்ன? மெயின் ரோட்டுல ஏறிட்டு இன்னும் இண்டிகேட்டர் போட்டுக்கிட்டு நிக்கற," என்றார் மாஸ்டர்.

"அங்கதான் மேடம் பிடிக்கறாங்க. முதல் ரெண்டு வார்டுல பாருங்க, ஒருத்தருக்கு பன்னெண்டு நாள்ல ஆறியிருக்கு, இன்னொருத்தருக்கு முப்பது நாள் ஆகியிருக்கு. அது நியாயம். சர்க்கரை உள்ளவங்க, வயசானவங்க, வத்தலும் தொத்தலுமா இருக்கறவங்க, எல்லாரும் ஒரே மாதிரி ஆறுவாங்களா? ஆனா மூணாவது வார்டுல பன்னெண்டு பேருக்கும் பதினொண்ணுலேர்ந்து பதினாலு நாளுக்குள்ள. அச்சுல வார்த்த மாதிரி. கட்டு எவ்வளவு நல்ல கட்டா இருந்தாலும், உடம்புக்கு உடம்பு இருக்கற வித்தியாசம் எங்க போச்சு?"

நாத்தனாரின் கை கொக்கியிலேயே நின்றது.

"சீக்கிரம் ஆறினது தப்பாம்மா?"

"தப்பில்ல அண்ணி. ஏன்னு தெரியணும்."

நாத்தனார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமலே படியிறங்கிப் போனாள்.

*

மூன்றாம் வார்டுக்குப் போகிற வழியில் அறிவிப்புப் பலகை. அதில் மேட்ரன் கையெழுத்துக்குக் காத்திருக்கும் சுற்றறிக்கையின் நகல் குத்தியிருந்தது. அடுத்த மாதம் முதல் எல்லா வார்டிலும் ஃபோம் கட்டு. அது போட்ட நோயாளிகளை இனி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் போதும். ஆதாரம்: நம் ஆஸ்பத்திரியிலேயே நடந்த ஆராய்ச்சி.

போன வாரம் இதைப் படித்துவிட்டு வீடு வரைக்கும் தரையில் கால் படாமல் வந்தவள், இன்று பார்க்காதது போல் நடந்தாள்.

வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். மெத்தை ஒன்றுதான். விரிப்பு ஒன்றுதான். மருந்து, சாப்பாடு, ஜன்னல் காற்று, எல்லாம் மற்ற வார்டில் உள்ளதுதான். வெறுங்கையோடு திரும்பப் போனவளை ஒரு குரல் நிறுத்தியது.

"நர்ஸம்மா, ஒரு விண்ணப்பம்."

ஒன்பதாம் கட்டில்காரர். ஓய்வு பெற்ற தபால்காரர். ஊரெல்லாம் நடந்த கால் இரண்டும் விழுந்துபோய் மூன்று வாரமாகக் கிடக்கிறார். ஆய்வுக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்த பிறகு வந்தவர்.

"சொல்லுங்க ஐயா."

"எனக்கும் ஒரு மஞ்சப் பொட்டு ஒட்டி விடுங்களேன்."

அவள் சிரித்துவிட்டாள். "எதுக்கு? அழகுக்கா?"

"அழகு போய் முப்பது வருஷம் ஆச்சு. போன வாரம் வரைக்கும் பக்கத்துக் கட்டில்ல இருந்தாரே, பொட்டுக்காரர், அவரை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் அந்த ஆயாம்மா வந்து புரட்டிப் போடும். விரிப்பு நனைஞ்சா அந்த நிமிஷமே மாத்தும். முதுகைத் துடைக்கும், காலை நீட்டி மடக்கும். நான் மணி பாத்துக்கிட்டே கிடப்பேன். தபாலைவிடக் கரெக்டா வரும். எனக்கும் செய்யும், இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா பொட்டுக்காரங்களை முடிச்சப்புறம்தான் நம்ம முறை. அதுக்குள்ள அதுக்கு இடுப்பு ஒடிஞ்சிடும். ஒரு பொட்டு இருந்தா…"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்த ஆயாம்மா?"

"எந்த ஆயாம்மாவா? உங்க வீட்டம்மாதான்!"

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது காகிதத்தில் உள்ள விதி. முப்பது கட்டிலுக்கு இரண்டு ஆயா இருக்கும் வார்டில் அது ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்தாலே பெரிய விஷயம். முதல் இரண்டு வார்டிலும் அப்படித்தான். முப்பத்தோராம் பக்கத்தில் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'மூன்று வார்டுகளிலும் பிற பராமரிப்பு ஒரே மாதிரி இருந்தது.' காலையில் போய்க் கட்டு மாற்றி, புண்ணை அளந்துவிட்டு வந்தவள் மற்ற நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.

பன்னிரண்டு விதமான உடம்பு. பன்னிரண்டிலும் ஒரே கை பட்டிருக்கிறது. வேறுபாடு எங்கே போயிற்று என்பது இப்போது தெரிந்தது.

*

துணி அறையில் நாத்தனார் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவள் வந்து நின்ற தோரணையைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?"

"என்ன பண்ணினேன்?"

"பொட்டு ஒட்டின கட்டிலுக்கு மட்டும் ஒன்றரை மணிக்கு ஒருதரம்."

நாத்தனார் கொஞ்ச நேரம் விரிப்பின் ஓரத்தையே நீவிக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பென்சில் கோடுகள். ஏழு, எட்டு, சில நாளில் ஒன்பது.

"ஒரு கோடு ஒரு சுத்து. விட்டுப்போயிடக் கூடாதுன்னு போட்டு வெச்சேன். எனக்கு டூட்டி மூணு மணிக்கு முடியும். ஏழு வரைக்கும் இருப்பேன். ராத்திரி ஆயாகிட்டயும் சொல்லிவெச்சேன். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் காரியம் நடந்துச்சு."

"ஞாயித்துக்கிழமைக்கும் கோடு இருக்கே. அன்னிக்கு உங்களுக்கு லீவாச்சே. கும்பிடப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போவீங்க?"

நாத்தனார் காலண்டரைத் தடவி நேராக்கினாள். சாமி கும்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, நகர முடியாத நாலு பேரைப் புரட்டிப் போட்டதைப் பொய் என்று சொல்லிவிட முடியுமா? அதைச் சொல்ல வேண்டியவர் மேலே இருக்கிறார்.

"அண்ணி, நான் சோதிச்சது கட்டை. எந்தக் கட்டு நல்லதுன்னு. நீங்க நடுவுல புகுந்து… இப்ப எது கட்டால ஆறினது, எது உங்க கையால ஆறினதுன்னு யாரு சொல்லுவாங்க? என் ரெண்டு வருஷம் போச்சு."

நாத்தனாரின் முகம் வெளுத்தது.

"கட்டையா சோதிச்ச? எனக்கு அது தெரியாதேம்மா. பொட்டு வெச்சவங்களுக்குப் புண்ணு ஆறினா நீ பாஸு, ஆறலேன்னா ஃபெயிலுன்னு நினைச்சுட்டேன். நம்ம வார்டுல இருக்கறவங்களையாவது நான் ஆற வெச்சுட்டா…" குரல் தழுதழுத்தது. "அன்னிக்கு நீ சொன்னது நிஜம்தான். எனக்கு வேற என்ன தெரியும்? மனுஷங்களைப் புரட்டிப் போடத் தெரியும். தெரிஞ்சதைச் செஞ்சேன்."

இவள் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபத்தைத் தேடினாள். இருந்த இடத்தில் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் தான் வீசிய வார்த்தைதான் அங்கே, கோடு கோடாக, கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தத் தபால்காரர்…" என்றாள் கடைசியில்.

"தெரியும்." நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு பாக்கற பார்வை எனக்குத் தெரியாம இல்ல. உனக்காகப் பண்றேன்னு மத்தவங்களுக்கு ரெண்டாம் பந்தி போட்டுட்டேன். அது பாவம்தான்."

கைப்பேசி அடித்தது. மாஸ்டர். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் ஒரு கார் திணறி நின்றது, "கிளட்ச்! கிளட்ச்!" என்ற சத்தம் கேட்டது.

"இங்க பாரு, இது யாருக்குத் தெரியும்? உனக்கு, அக்காவுக்கு, ஒரு கிழவருக்கு. ஃபோம் கட்டு ரொம்ப நல்ல கட்டுன்னு மேடத்துக்கு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வா. பின்னாடி பாக்காத, ஓட்டிட்டுப் போயிடு."

"கண்ணாடியப் பாக்காம வண்டி எடுக்கற பசங்களை நீங்க என்ன பண்ணுவீங்க?"

மறுமுனையில் கார் கதவு திறந்து மூடியது.

"இறக்கி விட்டுடுவேன்," என்றார். பிறகு மெதுவாக, "அக்காவோட வேலைய யோசிச்சியா? அவங்க இன்னும் கான்ட்ராக்ட்தான். நிரந்தரப் பட்டியல் வர்ற நேரம். போன மாசம்தானே டூட்டி இல்லாத நாள்ல வார்டுக்குள்ள வந்தாள்னு ஒரு ஆயாவை வீட்டுக்கு அனுப்பினாங்க?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. கைப்பேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, நாத்தனார் காலண்டரிலிருந்து நான்கு மாதத் தாளையும் கிழித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டுப் போ. கேட்டா காட்டணும்ல."

"அண்ணி, இதைக் காட்டினா உங்களுக்கு…"

"வேலைக்கு ஏதாவது வருமா?"

"தெரியல அண்ணி."

"அந்தச் சுற்றறிக்கை ஒண்ணு ஒட்டியிருக்கே, ஆறு மணிக்கு ஒருதரம் போதும்னு. அது எப்படி வந்துச்சு? உன் ஆராய்ச்சியாலயா?"

"ஆமா."

"அப்போ எடுத்துட்டுப் போ. ஆறு மணி நேரம் ஒரே பக்கமா படுத்துப் பாத்திருக்கியா நீ?"

*

மாடிப்படியின் நடுவில் நின்றுகொண்டு அவள் கண்ணை மூடினாள். சாமி, சொல்லவும் பயமா இருக்கு, சொல்லாம இருக்கவும் பயமா இருக்கு. எது பெரிய பயமோ அதுலேர்ந்து என்னைக் காப்பாத்து.

பென்சில் மேடம் அறையில் தனியாக இல்லை. எதிரே மேட்ரன், சுற்றறிக்கையின் அசலை மடியில் வைத்துக்கொண்டு. குரலை உயர்த்தாமலே ஆஸ்பத்திரி முழுக்க நடுங்க வைப்பவர்.

"வாம்மா. காரணம் கிடைச்சுதா?" என்றார் பென்சில் மேடம்.

அவள் ஆரம்பித்து முடிக்கும் வரை இருவரும் குறுக்கிடவில்லை. ஒரு ஆயா, என்று மட்டும் சொன்னாள்.

பென்சில் மேடம் முப்பத்தோராம் பக்கத்தை எடுத்தார். "இந்த வரி. பிற பராமரிப்பு ஒரே மாதிரி இருந்தது. பார்த்தியா?"

"பார்க்கல மேடம். அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"நினைச்சதைப் பார்த்ததா எழுதிட்ட." அந்த வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "எஃப் பொய் சொல்லல. மூணாவது வார்டு வேற மாதிரிதான் இருந்திருக்கு. அந்த வித்தியாசத்துக்கு ஃபோம் கட்டுன்னு பேர் வெச்சது நீ. வித்தியாசம் இருக்குன்னு சொல்றதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. யாரால வந்துச்சுன்னு காட்டிக் கொடுக்க அதுக்குத் தெரியாதும்மா."

"தெரியும் மேடம். அதனாலதான் இதை இன்னிக்குக் கொடுக்கல."

சொல்லிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே, கல்லூரி அலுவலகத்தின் ஷட்டர் கரகரவென்று இறங்கும் சத்தம் கேட்டது. மணி நான்கு.

அவள் மேட்ரன் பக்கம் திரும்பினாள். "மேடம், அந்த ஆறு மணி நேரத்தை மட்டும் நிறுத்திடுங்க. கட்டை நம்பிக் கையை எடுத்துட்டோம்னா, ஆறினவங்களுக்கும் புண்ணு திரும்பி வரும். தப்பு என்னோடது."

மேட்ரன் சுற்றறிக்கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கேட்பார் என்று அவள் பயந்திருந்ததைக் கேட்டார்.

"யாரு அந்த ஆயா?"

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் துணி அறையும், தாள்களைச் சுருட்டிய அந்த இரண்டு கைகளும் கண்முன் வந்தன. அந்தக் கைகள் ஒளிக்கும்படி எதையும் செய்யவில்லை.

"என் அண்ணி, மேடம். வீட்டுக்காரரோட அக்கா. ஆராய்ச்சின்னா என்னன்னு நான் அவங்களுக்குச் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டாங்க."

காலண்டர் தாள்களை மேஜைமேல் விரித்தாள். மேட்ரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணி முடிக்க நேரமாயிற்று.

"ஞாயித்துக்கிழமையும் கோடு இருக்கு."

"ஆமா மேடம்."

"அன்னிக்கு வார்டுக்குள்ள வர அனுமதி இல்ல."

"ஆமா மேடம்."

மேட்ரன் தாள்களைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. எழுந்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவங்களை என் ரூமுக்கு வரச் சொல்லுங்க. தனியா."

அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

பென்சில் மேடம் தன் டப்பாவைத் திறந்து இரண்டு பிஸ்கட்டை அவள் பக்கம் தள்ளினார். "மத்தியானம் சாப்பிடலைன்னு முகத்துலயே எழுதியிருக்கு. சாப்பிடு." பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி, "அடுத்த தடவை எத்தனை தரம் புரட்டினாங்கன்னு அட்டவணைல ஒரு கட்டம் சேர்த்துக்கோ. உங்க அண்ணி கோடு போட்டாங்க பாரு, அதே மாதிரி, மூணு வார்டுலயும். எண்ணக் கூடியதை எண்ணிடணும்," என்றார்.

*

அவள் மூன்றாம் வார்டுக்கு வந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. நாத்தனாரின் டூட்டி முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒன்பதாம் கட்டிலின் பக்கத்தில், தபால்காரரின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பெரிய உடம்பு. ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை.

"கொடுத்துட்டியாம்மா?" நாத்தனார் திரும்பாமலே கேட்டாள்.

அவள் கொடுக்காத ஆய்வேட்டை நாற்காலியின் மேல் வைத்தாள். அது அங்கே இருப்பதே பதிலாக இருந்தது. நாத்தனாரின் முதுகு லேசாகக் குலுங்கியது.

"நர்ஸம்மா, நம்ம பொட்டு என்னாச்சு?" என்றார் தபால்காரர்.

"இனிமே பொட்டு கிடையாதுங்க ஐயா. யாருக்குமே கிடையாது."

"அடடா. நான் விண்ணப்பம் போட்ட அன்னிக்கே ஆபீசை மூடிட்டீங்களே!"

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றாள். ஐந்து மாதமாக உப்பையும் பாலையும் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர், ஒரு கிழவரின் உடம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது…"

"அதை விடு."

"விட முடியாது அண்ணி. தப்புதான். ரொம்பத் தப்பு." அவள் மூச்சை இழுத்தாள். "இன்னொண்ணும் இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு மேட்ரன்…"

நாத்தனாரின் கைகள் ஒரு நொடி நின்றன. பிறகு தபால்காரரின் தோளுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

"இடுப்புப் பக்கம் நீ பிடி. மெதுவா. முதல்ல இவரைத் திருப்புவோம். அப்புறம் சொல்லு."